தவிட்டுக்கு வாங்கிய சுவர்ணகாந்தி

சிலிபினில் எங்கள் வரிசை வீட்டுக்கு அவள் குடிவந்தது எழுபத்திரண்டாம் வருஷம். லாரியிலிருந்து கட்டில் இறங்குவதற்கு முன்னால் அவள் பேர் இறங்கிவிட்டது.

"என் பேரு சுவர்ணகாந்தி. தஞ்சாவூர்ல எங்க தாத்தா ஏட்டுச்சுவடியப் பார்த்து எடுத்துக் குடுத்தது. மலாயாவுலயே இன்னொருத்தருக்குக் கிடையாது" என்று வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பெண்களிடம் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கூட்டத்தில் நானும் நிற்பது அவள் கண்ணில் பட்டது. இடுப்பில் இருந்த மண்ணெண்ணெய் அடுப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

எனக்கா தெரியாது அவளை? தாப்பாவுக்கு அந்தப் பக்கம் நாலாங்கட்டைத் தோட்டத்தில் எங்கள் கூலி லயத்துக்கு எதிர் லயத்து வீட்டில் பிறந்தவள். பேர் தவிட்டம்மா. அவள் தாத்தா காலையில் ரப்பர் மரத்தைப் பார்த்தார், சாயங்காலம் கள்ளுக்கடையைப் பார்த்தார். ஏட்டுச்சுவடியை எங்கே பார்த்தாரோ, அவருக்கே தெரிந்திருக்காது.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் சிரித்திருக்கலாம். சொல்லாமல் வைத்ததில் பன்னிரண்டு வருஷம் சிரித்தேன்.

பேருக்காக வெட்கப்படுவதென்றால் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் தலையைக் குனிந்தே நடந்திருக்க வேண்டும். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததும் ஒருவர் சாமிக்குத் தகவல் சொல்கிற மாதிரி போதும்பொண்ணு என்று வைத்தார். சாமிக்குக் காது கேட்கவில்லை, ஐந்தாவதும் பெண். அப்பனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு பிறந்தவன் பேர் சயாமு. பத்துமலைக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, தஞ்சோங் மாலிமோடு கால் வீங்கித் திரும்பிய தாய்க்குப் பிறந்தவன் பத்துமலை. என் கதை அதைவிட மோசம். பேர் பதியப் போன, தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி என்ன பேர் என்று கேட்காமலே போய்விட்டார், ஆபீசில் போய் யோசித்துவிட்டு பாப்பா என்று எழுதிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் பாப்பாதான். நான் என்ன செத்தா போனேன்?

தவிட்டம்மாவுக்கு முன்னால் பிறந்த மூன்றும் மலேரியாவில் போய்விட்டன. நாலாவதாக இவள் பிறந்தபோது, அவள் அம்மா பிள்ளையைத் தூக்கிப் பால்கூடக் கொடுக்காமல் பக்கத்து வீட்டு ராக்காயியின் முறத்தில் போட்டாள். ராக்காயி மூன்று பால் டின் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். எமன் வந்து கேட்டால், அது என் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு விற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஜப்பான்காரன் காலம், தவிட்டையே களியாகக் கிண்டித் தின்றுகொண்டிருந்தோம். தன் வீட்டு ஒரு வேளைச் சாப்பாட்டைக் கொடுத்துத்தான் ராக்காயி வாங்கினாள். எனக்கு அப்போது பதினோரு வயது, பக்கத்தில் நின்று பார்த்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

இதற்கு ஒரு கட்டு உண்டு. அந்தப் பிள்ளை கல்யாணமாகிப் போகும்போது வாங்கினவள் கையில் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் லயத்தைத் தாண்ட வேண்டும். இவள் கல்யாணத்தன்று ராக்காயி முறத்தோடு பாதையோரம் நின்றாள். மணப்பெண் காரை நிறுத்தவே விடவில்லை. "அசிங்கமா தவிடு கிவிடுன்னு" என்று அவள் சொன்னது, பின் சீட்டில் நசுங்கிக்கொண்டிருந்த என் காதில்தான் முதலில் விழுந்தது. காரின் செம்மண் புழுதி முறத்தில் போய் உட்கார்ந்தது.

இப்போது சிலிபினுக்கு வருவோம். சுவர்ணகாந்தி வந்த வருஷமே மகள் ரஞ்சிதத்தை ஹேமரஞ்சிதா ஆக்கினாள். வரிசையில் யார் பிள்ளை பெற்றாலும் தஞ்சாவூர்த் தாத்தாவை எழுப்பிக்கொண்டு போய்ப் பேர் வைத்தாள். புருஷன் கார்த்திகேசு பாவம், வீட்டுக்குள் ஒரு பேர், வெளியில் ஒரு பேர் என்று குழம்பி, வாய் தவறினால் சோறு கிடைக்காது என்று பயந்து, பொண்டாட்டியை 'இந்தா' என்று மட்டும் கூப்பிடப் பழகிக்கொண்டார்.

எண்பத்து நாலில் ஹேமரஞ்சிதாவுக்கு புந்தோங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு கிளினிக்கில் மருந்து கட்டுகிற வேலை. அவன் அம்மா நவமணி இவளுக்குச் சரியான ஜோடி. சோபாவின் பிளாஸ்டிக் உறையை ஆறு வருஷமாகப் பிரிக்கவில்லை. வாசலில் நாய் ஜாக்கிரதை என்று பலகை, நாய் கிடையாது. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்து மயங்கிப் போனார்கள். பெண்ணும் பையனும் ஏற்கெனவே மயங்கியிருந்தது எங்கள் வரிசைக்கே தெரியும்.

ஜாதகம் எழுதுகிறவர் பிறந்த நேரம் சரியாக வேண்டும் என்றாராம். நவமணி பெண்ணின் பிறந்த சூராட்டை, அந்தப் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டிருக்கிறாள். சுவர்ணகாந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கார்த்திகேசு பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். பொண்டாட்டியைக் கேட்காமல் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் நவமணி என் வீட்டில். "பாப்பாக்கா, நீங்க அவங்க தோட்டம்தானே?"

"ஆமா லா. என்ன சங்கதி?"

"தாயார் பேருங்கற இடத்துல தவிட்டம்மான்னு போட்டிருக்கு. யாரு அது, மூத்த சம்சாரமா?"

பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கதை எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இருந்தாலும் உண்மையைச் சொன்னேன். மூன்று டின், முறம், கார், புழுதி, எல்லாம். நவமணி மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவாள் என்று காத்திருந்தேன். அவள் காப்பியைக் கீழே வைத்தாள்.

"அப்போ தவிட்ட இன்னும் திருப்பலயா?"

"இல்ல."

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன், பாகான் டத்தோவுல இருந்தாரு. அவரையும் தவிட்டுக்குத்தான் வாங்கினது. திருப்பாம தாலி கட்டுனாரு. முப்பதாம் நாளு தென்னை மரத்துல இருந்து..." பாதியில் நிறுத்தினாள். "பேரு என்னவா வேணா இருக்கட்டும் அக்கா. எங்க மாமியா பேரு குப்பாயிதான். ஆனா இன்னொருத்தி கையில இருக்கற பொம்பள, தான் பெத்த பொண்ண எனக்கு எப்படி லா குடுக்க முடியும்?"

பிளாஸ்டிக் உறைக்கு அடியில் இருந்த தோட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். தவிட்டைத் திருப்பாமல் நிச்சயம் கிடையாது என்று அன்று சாயங்காலமே சொல்லியனுப்பிவிட்டாள். ஹேமரஞ்சிதா அழுத சத்தம் ஐந்து வீடு தள்ளிக் கேட்டது.

சுவர்ணகாந்தி என் பின்கதவு வழியாக வந்தாள். "நீங்கதானே சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன். நீ ஊர் பூரா பொய் சொல்லுவ, நான் ஒருத்திக்கு உண்மை சொல்லக்கூடாதா?"

அவள் முந்தானையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மேசைமேல் வைத்தாள். சீனன் கோழித்தீவனக் கடையில் வாங்கின தவிடு. "நீங்களே போய்க் குடுத்துட்டு வந்துடுங்கக்கா. அந்தக் கிழவிகிட்ட நான் எப்படி நிக்கறது? ரஞ்சிதாவுக்காக லா."

நான் போனேன். புண்ணியத்துக்கு இல்லை, ராக்காயி என்ன சொல்வாள் என்று பார்க்க. தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு லயம் மிச்சம், அதன் கடைசி வீட்டில் ராக்காயி. எழுபதை நெருங்கிவிட்டாள், என் ரவிக்கையில் தையல் விட்டிருப்பதை வாசலிலிருந்தே சொன்னாள். டின்னைத் திறந்தாள், முகர்ந்தாள், மூடினாள்.

"யாரு குடுத்து அனுப்பினது?"

"சுவர்ணகாந்தி."

"அப்படி யாரையும் நான் வாங்கலயே பாப்பா." தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள், நல்ல தேத்தண்ணி. டின்னோடு பஸ் ஏற்றிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாடகை வேன். முன்னால் கார்த்திகேசு, பின்னால் நாங்கள் மூன்று பேர். நவமணி தன் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று கிளம்பி வந்துவிட்டாள். நம் ஆள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தவிடு கொடுக்கப் பட்டுப்புடவை.

ராக்காயி வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன் சத்தத்துக்கு லயமே வெளியில் வந்து நின்றது.

"யாரு வந்திருக்கறது?"

"நான்தான் பெரியம்மா."

"நான்னா யாரு? கண்ணு தெரியல லா." போன வாரம் என் தையலைப் பார்த்த கண்.

"சுவர்ண..." என்று ஆரம்பித்தாள். நவமணி இருமினாள்.

"தவிட்டம்மா."

"காதும் கேக்கல."

"தவிட்டம்மா, பெரியம்மா. தவிட்டம்மா வந்திருக்கேன்." லயத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

ராக்காயி முறத்தை நீட்டினாள். இவள் டின்னைக் கவிழ்த்தாள். கிழவி அதைக் கையால் ஒரு தடவை அளைந்து பார்த்துவிட்டு, மொத்தத்தையும் முற்றத்துக் கோழிகளுக்கு விசிறினாள். நவமணி கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் காரியம் முடிந்தது.

"தீந்துச்சு. நாப்பத்தொரு வருஷம்" என்றாள் ராக்காயி. "ஆடி வந்தா உன் பேரச் சொல்லி முனியாண்டிக்கு ஒரு கோழி அறுப்பேன். இனிமே அது என் வேலை இல்ல."

"கோழியா? எல்லா வருஷமுமா?"

"பின்ன? வாங்குனதக் காப்பாத்த வேணாமா? நீ கார நிறுத்தலன்னு நான் விட்டுட முடியுமா?" முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள். "பேரையும் வச்சிட்டுப் போ. அது என் தவிட்டுல வந்தது, நான் வச்ச பேரு. உனக்குத்தான் வேற இருக்கே."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் காலி போத்தலைத் திருப்பி வாங்கிக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

இத்தனை வருஷம் எந்தப் பேரைக் கழற்றி எறியத் தவித்தாளோ, அதைக் கிழவியே கழற்றி வாங்கிக்கொண்டாள். இவள் துள்ளிக் குதித்து வேனில் ஏறியிருக்க வேண்டாமா? பட்டுப்புடவையோடு கோழிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தாள். மூடின கதவையே பார்த்தாள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். கடைசியில் நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பாவம் என்று சொல்ல வாய் வந்தது. பாதையோரம் முறத்தோடு நின்றவளுக்கு அன்றைக்கு யார் பாவம் சொன்னார்கள்?

வேனில் நவமணிக்கு வாய் ஓயவில்லை. "தையிலேயே வச்சிக்கலாம் சம்பந்தி. பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். உங்க பேர என்னன்னு போடறது?"

ஜன்னலில் கம்பார் ஊர் போயிற்று. கார்த்திகேசு முன்சீட்டிலிருந்து திரும்பி, "இந்தா, கேக்கறாங்கல்ல" என்றார். கோப்பேங்கும் போயிற்று.

"அவரு பேர மட்டும் போடுங்க. போதும்" என்றாள்.

திரு. கார்த்திகேசு தம்பதியர் என்றுதான் பத்திரிகை வந்தது. எங்கள் வரிசையில் ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்காதவர்கள் இரண்டு வீட்டார் இருந்தார்கள். அவர்களுக்கும் போய்ச் சொன்னேன்.