பாக்கெட் மேசை

சலவை நிலையத்தில் எனக்குத் துவைக்கிற வேலை இல்லை. துவைப்பதற்கு முன்னால் பைகளைக் காலி செய்கிற வேலை. தொழிற்சாலைகளிலிருந்து மூட்டையாக வரும் நீலக் கோட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, மேல் பை, இடது பை, வலது பை என்று கை விட்டுப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். ஒரு பேனா விட்டுப்போனால் நாற்பது கோட்டும் மை. அதற்காகவே அந்த மேசைக்கு ஓர் ஆள். எல்லோரும் அதைப் பாக்கெட் மேசை என்பார்கள்.

கிடைக்கும் பொருளைக் காகிதத்தில் மடித்து, கோட்டின் எண்ணை மேலே எழுதி, நோட்டில் தேதி, நேரம், எந்தப் பை, என்ன பொருள் என்று குறித்து, ஜன்னலோரத் தட்டில் வைப்பேன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் இரண்டு கோட்டு. ஒன்று உடம்பில், ஒன்று எங்களிடம். செவ்வாய்க்கிழமை மதியம் வேன் போய்த் துவைத்ததைக் கொடுத்து அழுக்கை வாங்கி வரும். தட்டில் இருப்பதும் அடுத்த செவ்வாய்தான் போகும். அவசரமாக எதையும் அனுப்பும் வழக்கம் இல்லை.

ஒரே ஒரு முறை நான் அவசரப்பட்டேன். போன மாதம் ஒரு கோட்டில் இன்ஹேலர் இருந்தது. பதறிப்போய் சூப்பர்வைசர் அறையிலிருந்து தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்த மனிதரைப் போனுக்குக் கூட்டி வந்தார்கள்.

"அது காலிம்மா. குப்பையில போடத்தான் வெச்சிருந்தேன்," என்றார் அவர்.

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து சூப்பர்வைசருக்குத் திட்டு. அவர் அதை எனக்குச் சிரிப்பாக மாற்றித் தந்தார். "டாக்டரம்மா, அடுத்த தடவை பாக்கெட்ல ஒரு கத்தி கிடைச்சா ஆபரேஷனும் நீங்களே பண்ணிடுங்க." அன்றிலிருந்து என் பெயர் டாக்டரம்மா. துவைக்கும் இயந்திரத்தில் நிற்பவர்கள்கூடக் கையை நீட்டி, "டாக்டரம்மா, நாடி பாருங்க" என்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தப் பெயருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. திங்கட்கிழமை மாலைகளில் முதலுதவி வகுப்புக்குப் போகிறேன். ஒரு தொடக்கப் பள்ளியில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்து. சொல்லிக்கொடுப்பவர் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர். ஐந்தாவது வாரப் பாடம், ஆபத்துக்கென்று பையில் எப்போதும் என்ன வைத்திருக்க வேண்டும் என்பது. அவர் தன் பையையே மேசையில் கவிழ்த்துக் காட்டினார். விசில், விரல் நீள டார்ச், மடித்த துணி, ஊக்கு இரண்டு, பிளாஸ்டர், ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை. கடைசியாக ஒரு சின்னப் பழுப்புக் கண்ணாடிப் புட்டி.

"நெஞ்சு வலிக்காரங்க வெச்சிருப்பாங்க. நாக்குக்கு அடியில ஒண்ணு. இது அலமாரியில இருந்தா பொம்மை, பையில இருந்தாத்தான் மருந்து," என்றார். புட்டி கை மாறி என்னிடம் வந்தது. மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, பின்னால் இருந்தவரிடம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கும் மாமாவுக்கும் எனக்குமாக மூன்று சின்ன உறைகளில் இதையெல்லாம் போட ஆரம்பித்தேன். அக்கா சப்பாத்திக் கட்டையைக் கழுவிக்கொண்டே, "பொம்பளைங்க துணியில பாக்கெட் எங்கடி இருக்கு? கொண்டைக்குள்ள சொருகிக்கவா?" என்றாள். அவள் கணவர், என் மாமா, விசிலை எடுத்து ஊதிப் பார்த்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அட்டையைப் படித்துவிட்டு, "ஆபத்துன்னா யாருக்குச் சொல்லணும்னு போட்டிருக்கே. எனக்கு ஆபத்தே உங்க அக்காதான். அப்ப யார் பேரை எழுத?" என்றார். அக்கா ஈரக் கையை அவர் முதுகில் துடைத்தாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்.

வேன் வந்தது இரண்டு மணிக்கு. அறுபத்திரண்டு கோட்டுகள். முப்பதாவதோ முப்பத்தோராவதோ எடுத்தது 214. மேல் பையில் பட்டன் போட்டிருந்தது. வேலைக் கோட்டில் பட்டனை மெனக்கெட்டு மாட்டுகிறவர்கள் குறைவு. அவிழ்த்து விரலை விட்டேன். பழுப்புப் புட்டி. முந்தின மாலை என் கையில் இருந்த அதே அளவு. பாதிக்கு மேல் மாத்திரை இருந்தது.

என்ன என்று எனக்குத் தெரிந்தது. அதில் சந்தேகமே இல்லை. இதை இப்போது எழுதும்போது தெரியாமல் இருந்ததுபோல எழுதிவிட ஆசையாக இருக்கிறது. தெரிந்துதான் இருந்தது.

நோட்டில் எழுதினேன். செவ்வாய், 2.40, எண் 214, மேல் பை, பட்டன் போட்டது, மருந்துப் புட்டி ஒன்று. பிறகு புட்டியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு சூப்பர்வைசர் அறை வாசல் வரை போனேன். அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்தி, "என்ன டாக்டரம்மா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. சிரித்துக்கொண்டுதான்.

"ஒண்ணுமில்ல சார்," என்றேன்.

திரும்பி நடந்த பன்னிரண்டு அடியில் எனக்கு நானே நிறையக் காரணம் சொல்லிக்கொண்டேன். அவரிடம் இன்னொரு புட்டி இருக்கும். இல்லாவிட்டால் அவரே கேட்டு ஆள் அனுப்புவார். ஐந்து வகுப்புக்குப் போய்விட்டு ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்க நான் யார்? சுண்டைக்காய் அளவு படிப்பு, பூசணிக்காய் அளவு பேச்சு என்பார்கள். புட்டியை மடித்து, 214 என்று எழுதி, தட்டில் வைத்தேன். கோட்டு மற்றவற்றோடு மூன்றரை மணித் துவைப்பில் போனது.

புதன்கிழமை காலை சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"இருநூத்திப் பதினாலைத் தனியா எடுத்து வெச்சிடு. இனிமே அனுப்ப வேணாம். வீட்டுக்காரங்க வந்து வாங்கிக்குவாங்களாம்."

"ஏன் சார்?"

"ஆள் போயிட்டாரு. நேத்து சாயங்காலம் நாலே காலுக்கு. மிஷின் பக்கத்துலயே சாஞ்சிட்டாராம். பையில மருந்து இருக்கும்னு கூட இருந்தவங்க தேடியிருக்காங்க. கிடைக்கல." சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை ஜன்னலோரத் தட்டில் விழுந்தது. எண்ணைப் படித்தார். காகிதத்தைப் பிரித்தார். நோட்டையும் புரட்டினார்.

"நேத்து என் ரூம் வாசல்ல வந்து நின்னியே," என்றார் மெதுவாக. "இதுக்குத்தானா?"

"ஆமா சார்."

எதிரில் இருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "இங்க பாரு. யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா போன உசுரு திரும்பி வருமா? உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். அந்தக் குடும்பத்துக்கு அதனால என்ன லாபம்?" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுவே பயமாக இருந்தது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்பதிலிருந்து நாலே கால் வரை தொண்ணூற்றைந்து நிமிடம். பஸ்ஸில் தொழிற்சாலை இருபது நிமிடம். பஸ்ஸுக்குக் காத்திருக்க அதிகம் போனால் பதினைந்து. வாசல் காவலாளியிடம் விளக்கப் பத்து. எப்படிக் கூட்டினாலும் நேரம் மிச்சமானது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பவருக்குப் போன் செய்து, வேறு யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல, அந்த மாத்திரை இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம். யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா," என்றார். ஆறுதல் தேடித்தான் கேட்டேன். இரண்டு பக்கமும் கதவு திறந்தே கிடந்தது.

அக்கா மட்டும், "சோறு இறங்கலையா? முகம் ஏன் செத்திருக்கு?" என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் துணிப்பை. சூப்பர்வைசர் அவரை என் மேசைக்கே கூட்டிவந்தார்.

"இருநூத்திப் பதினாலு. எங்க வீட்டுக்காரரோடது," என்றார்.

"உக்காருங்கம்மா."

"வேணாம்மா. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

தேய்த்து மடித்த கோட்டைக் கொடுத்தேன். மடிப்பைக் கலைக்காமல் வாங்கி மேசையில் வைத்து, மேல் பையில் இரண்டு விரலை விட்டார். இடது பையைப் பார்த்தார். வலது பையைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்லையே?"

"எல்லாம் பாத்தாச்சும்மா. ஒண்ணும் இல்ல," என்றார் சூப்பர்வைசர், என்னை முந்திக்கொண்டு.

அந்த அம்மா தலையாட்டினார். அவருக்கு வேறு யாரிடமும் சொல்ல முடியாததை எங்களிடம் சொல்ல முடிந்தது போலிருக்கிறது. நாங்கள் யாரோதானே.

"மருந்து நான்தான் வெப்பேன். பதினோரு வருஷமா. கோட்டு ஆணியில தொங்கும். அவரு டீ குடிப்பாரு. நான் புட்டியைப் பையில போட்டு, கீழ விழுந்துடக் கூடாதுன்னு பட்டனும் மாட்டுவேன். அன்னைக்குப் பாத்து கேஸ் தீந்துபோச்சு, கரண்ட்டும் போச்சு, ஒரே கத்தல். அந்தக் களேபரத்துல மறந்திருக்கேன். வேலையில விழுந்தப்ப பை வெறும் பையா இருந்துச்சாம்." மூச்சு வாங்கினார். "சரி, வீட்டுல எங்கயாச்சும் இருக்கணுமில்ல? மாவு டப்பாவைக்கூடக் கவுத்துப் பாத்துட்டேன். என் பொண்ணு கேக்குறா, 'அவருக்குன்னு உனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதானம்மா, அதைக்கூடச் செய்யலையா'ன்னு. கேட்டுட்டு அவ வீட்டுக்குப் போயிட்டா. மூணு நாளா போனை எடுக்கல. அவ கேட்டதும் தப்பில்லையே."

கோட்டு மாற்றுகிற நாளில் புட்டியைப் பழைய கோட்டிலிருந்து எடுத்துப் புதியதில் போட மறந்தது அவர் கணவர். அதை இந்த அம்மா அறிய வழியே இல்லை. கோட்டு மாறுவது மதியம், தொழிற்சாலையில். அவருடைய வேலை காலையோடு முடிந்திருந்தது. சரியாக, பட்டனோடு.

சூப்பர்வைசர் எனக்கு மட்டும் தெரியும்படி தலையை இடவலமாக அசைத்தார்.

"நீங்க மறக்கலம்மா," என்றேன்.

நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, அந்த வரியைக் காட்டினேன். மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படித்தார். விரல் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"பட்டன் போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சும்மா. நான்தான் அவுத்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு எதையோ முணுமுணுத்தது. திறந்தபோது விரல் பின்னோக்கிப் போய் நேரத்தின் மேல் நின்றிருந்தது.

"ரெண்டு நாப்பது. அவரு விழுந்தது நாலே கால்."

"ஆமாம்மா."

"இங்க போன் இருக்கா?"

"இருக்கு."

"அது என்ன மருந்துன்னு உனக்குத் தெரியுமா?"

சூப்பர்வைசர், "அவ சின்னப் பொண்ணும்மா, அவளுக்கு என்ன..." என்று ஆரம்பித்தார். நான், "தெரியும்மா," என்றேன்.

"தெரிஞ்சுமா?"

"தெரியும். ஆனா எனக்குத் தெரியும்கிறதை நானே நம்பல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோட்டை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். கழுத்துப் பட்டை, அக்குள், மறுபடி கழுத்துப் பட்டை.

"துவைச்சிட்டீங்களா?"

"அன்னைக்கே துவைச்சாச்சும்மா."

"வெறும் சோப்பு வாசனைதான் வருது," என்றார். "வீட்டுல இருந்த அவரு துணியையெல்லாம் அன்னைக்குக் காலையில ஊற வெச்சிட்டேன். இதாச்சும் துவைக்காம இருக்கும்னு வந்தேன்." கோட்டைத் துணிப்பைக்குள் வைத்தார். நான் நீட்டிய புட்டியைப் பார்த்துவிட்டு, வாங்காமல் நடந்தார்.

பொருளை வாங்கியதற்குக் கையெழுத்து வேண்டும். நான் நோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். எதற்காகப் போனேன் என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. கையெழுத்து ஒரு சாக்காகவும் இருக்கலாம். அவர் வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தின் நிழலில் நின்று போனைக் காதில் வைத்திருந்தார். முதல் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதும். மூன்றாவது முறை அவர் முகம் மாறியது.

"வெச்சிடாதடி. ஒரு நிமிஷம் கேளு. நான் வெச்சிருக்கேன்டி. வெச்சுத்தான் அனுப்பியிருக்கேன். பட்டன் போட்டு..." நாலு நாளாக அடக்கி வைத்தது எல்லாம் அந்த வெயிலில், வண்டிகள் போகும் தெருவில், வெடித்து வந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். போனில் மறுபுறமும் அழுகைதான் என்று ஆறடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

பிறகு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "ம்" என்றார். "துணி துவைக்கிற இடத்துல" என்றார். "ஒரு பொண்ணு" என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிற்பது அப்போதுதான் தெரிந்தது போல.

"ஆமா. இங்கதான் நிக்குது."

போனைக் காதிலிருந்து எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

"என் பொண்ணு. உன்கிட்டப் பேசணுமாம்."

வாங்கினேன். அது சூடாக இருந்தது. முதலில் மூச்சு மட்டும் கேட்டது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"சொல்லுங்க," என்றது குரல். என் வயதுதான் இருக்கும். "அம்மா சொல்றது புரியல. நீங்க மொதல்லேருந்து சொல்லுங்க."

அந்த அம்மா துணிப்பையை வயிற்றோடு அணைத்தபடி, பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதலிலிருந்து சொன்னேன்.