ஆறாவது தலை

கிளெனிஸும் அவள் தம்பி ரோவனும் இலையுதிர் காலம் வந்தால் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி வாலபிகளை எண்ணிவிட்டு வருவார்கள். தேசியப் பூங்காக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் செய்கிற சம்பளமில்லாத வேலை. குட்டிக் கங்காரு போலிருக்கும் அந்தப் பாறை வாலபிகளை நரிகள் தின்று தீர்த்துவிட்டன. நாலு வருஷத்துக்கு முன் வெளியிலிருந்து ஐந்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதே ஐந்துதான்.

இந்தத் தடவை மழையில் ஆறு ஏறியிருந்தது. கல்லுக்குக் கல் தாவிக் கடக்கிற இடத்தில் கிளெனிஸ் தயங்கினாள்.

"திரும்பிடலாம்டா. இந்த வயசுல ஆத்தோட போகணுமா?"

"பயந்தா நீ இங்கயே இரு. நான் ஆடு மாதிரி தாவிடுவேன்."

மூன்றாவது கல்லிலேயே ஆடு வழுக்கி விழுந்தது. கிளெனிஸ் கைத்தடியை நீட்டி இழுத்துக் கரையேற்றினாள். துணிகளைப் பிழிந்து யூகலிப்டஸ் கிளையில் போட்டுவிட்டு, ரோவன் அக்காளின் ஊதா மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நடுங்கினான்.

"கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு எடுப்பா இல்லடா."

"சிரி, நல்லா சிரி. தேநீர் குடுவையும் ஆத்தோட போச்சு."

வழக்கமாக நிற்காத இடம் அது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, எதிர்ச் செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு ஒரு வாலபி வெயில் காய வந்தது. கிளெனிஸ் தொலைநோக்கியை எடுத்தாள். அதன் வயிற்றுப் பை தானாக அசைந்தது. மறுகணம் அதிலிருந்து கட்டைவிரல் அளவுக் காதுகளோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அவள் தொலைநோக்கியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"குட்டி போட்டிருக்குக்கா!" என்று துள்ளி எழுந்தவனைக் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"கத்தாதடா, ஓடிடும்."

அதற்குள் பாதை வளைவில் மலையேறும் கூட்டம் ஒன்று வந்துவிட்டது. ஊதாக் கோட்டுக்குக் கீழே ரோவனின் வெறுங்கால்களைப் பார்த்து அவர்கள் திகைத்து நின்றார்கள். அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல் எதிர்ப்பாறையைக் கைகாட்டினான்.

"என்னை அப்புறம் பாருங்க. முதல்ல அதைப் பாருங்க."

தொலைநோக்கி எட்டுப் பேர் கைமாறியது. யாரோ சூடான காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். தாய் வாலபி நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கிளெனிஸ் காகிதத்தில், வரும் வழியில் எண்ணி எழுதியிருந்த ஐந்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.