ஒன்பது மூட்டை உப்பு

நீச்சல் குளத்தை உப்புத் தண்ணீருக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மிஷினை மாட்டிவிட்டால் அதோடு செலவு தீர்ந்தது என்று. தீராது என்பதை மிஷின் விற்ற பிறகுதான் நான் சொல்வேன். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் தகட்டை நாலைந்து வருஷத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். ஏணி துருப்பிடிக்கும். கரண்ட் பில் ஏறும். இதையெல்லாம் சொல்லிவிட்டு வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நீட்டுவேன்.

இந்த முறை அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது. கையால் குளோரின் போடுகிற வேலை மிஷினோடு போய்விடும். ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்று எங்கள் கம்பெனி முதலாளி சொல்லிவிட்டார்.

கிணத்துக்கடவு தாண்டித் தென்னந்தோப்புக்குள் பங்காரம்மாவின் வீடு. மில் வைத்திருக்கும் குடும்பம். கையால் போடும் குளோரினால் பேத்தி லாஸ்யாவுக்குக் குளத்தில் இறங்கினாலே உடம்பெல்லாம் அரிப்பு, அதனால்தான் இந்த மாற்றம். மிஷினுக்கு இரண்டு லட்சத்தைப் பேரம் பேசாமல் கொடுத்தார்கள். பதினெட்டாயிரம் ஒப்பந்தத்துக்கு மூன்று நாள் யோசித்தார்கள். யானை வாங்கியவர்கள் அங்குசத்துக்கு அழத்தான் செய்வார்கள்.

அன்று காலை ஒன்பது மூட்டை உப்பைக் கொட்டினேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ஒன்பது மூட்டை இட்டவனை எவ்வளவு நினைக்க வேண்டுமோ தெரியாது. ஆழமான பக்கத்தில் உப்பு மணல் மாதிரி படிந்தது. பிரஷ்ஷால் தள்ளிக் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் கறை விழும். பாதி வேலையில் பிரஷ்ஷின் கம்பு முறிந்தது.

"வேற கம்பு இருக்குதுங்களா?" என்றார் பங்காரம்மாவின் மகன் வம்சி.

"இல்லீங்க சார். டவுனுக்குப் போயித்தான் எடுத்தாரோணும்."

"அதுக்கெதுக்கு அலையறீங்க கௌதமன்? எறங்கிக் கலக்கிப்போடுங்க."

ஆறு வருஷமாக அந்தக் குளத்தைச் சுத்தம் செய்கிறேன். ஒரு நாளும் இறங்கியதில்லை. இறங்கிக் காலால் உப்பைக் கலைத்துவிட்டேன். வேலைக்குத் தேவையில்லாமல் ஒரு முங்கும் போட்டேன். சந்தோஷமாக இருந்தது.

தலையைத் தூக்கினால் கரையில் பங்காரம்மா. மகனிடம் தெலுங்கில் கேட்டார், இந்தத் தண்ணீரை முழுக்க மாற்றிவிட வேண்டாமா, பாப்பா குளிக்கிற குளமாயிற்றே என்று.

எனக்குப் புரியக் கூடாது என்கிற மரியாதை. என் அப்பா சென்னியப்பன் இதே தோட்டத்தில் இருபது வருஷம் பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர். அவர்கள் தெலுங்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரியும். எங்கள் ஆட்கள் இவர்கள் கிணற்றில் கால் வைத்தால் அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டிய கதையும் தெரியும்.

வம்சி போனை எடுத்துக் கணக்குப் போட்டார். அறுபதாயிரம் லிட்டர். ஐந்து லாரித் தண்ணீர், மறுபடியும் ஒன்பது மூட்டை உப்பு. தண்டச் செலவு, வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். அப்படிக் கேட்பது தப்பு என்று சொல்வாரென்று கொஞ்சம் காத்திருந்தேன். அவர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கோபம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை. மனசு மரத்துப்போய்க் கிடந்தது. ஏறி வந்து, சொட்டச் சொட்ட ஒப்பந்தத் தாளை நீட்டினேன்.

பங்காரம்மா பேனாவைத் திறந்தார். உடனே கையெழுத்துப் போடவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில், அன்பாகத்தான் கேட்டார்.

"ஏங்கண்ணு, நாளைக்கு மிசினப் போட்டா, தண்ணீல இருக்கறதையெல்லாம் கொன்னுபோடுமா?"

"கொன்னுபோடுமுங்கம்மா."

"அத்தனையுமா?"

"ஒண்ணு விடாதுங்க. அப்பறம் பாப்பா தாராளமா எறங்கலாமுங்க."

என் ஈரக் கை பட்ட முனையை விட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டார்.