பால் நிற ரத்தம்

சிட்லபாக்கம் ஏரியில் நடக்கப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் லேப்காரர் ஜெர்சன் வீட்டுக்கே வந்து அத்தாவுல்லாவிடம் ரத்தம் எடுத்தார்.

"ஏதும் சாப்பிட்டாரா அக்கா?"

"நோன்புல்ல தம்பி," என்றாள் மனைவி ஜெய்னப்.

"அப்ப சரி."

மதியம் ரிப்போர்ட் போனில் வந்தது. அத்தாவுல்லாவுக்குப் பழைய சர்க்கரை. நெஞ்சில் ஸ்டென்ட் வேறு. ரிப்போர்ட் படித்துப் படித்து ஜெய்னப் அரை டாக்டர். ரத்தக் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு, நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டும். ஆயிரத்து நாற்பது என்றிருந்தது. கீழே, 'சீரம் பால்போல் உள்ளது. உடனே மருத்துவரைப் பார்க்கவும்.'

போனைப் பிடித்தபடி அறைக்கு ஓடினாள். உள்ளே அவர் நெஞ்சில் கை வைத்துப் படுத்திருந்தார். சட்டை அசைந்தது. மூச்சா, மின்விசிறிக் காற்றா?

"என்னங்க!"

"இப்பதானே கண்ணை மூடினேன். வீடு பத்திக்கிச்சா?"

"உங்க ரத்தம் பாலா இருக்காம்."

"டீக்கடை வெச்சிடலாம், போ."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் ஜீவரத்தினத்தை அழைத்தாள்.

"மேல் வயித்துல வலி இருக்கான்னு கேளுங்கம்மா. இவ்வளவு ஏறினா கணையம் வீங்கிடலாம்."

"லேசா எரியுது," என்றார் அத்தாவுல்லா. வியர்வையில் போன் வழுக்கியது. யா அல்லா!

"கடைசியா எப்ப சாப்பிட்டாரு?"

"சஹர்ல டாக்டர், விடியக்காலைப் பாங்குக்கு முன்னாடி. நெய்ச்சோறும் கறியும். பகல் முழுக்கத் தாங்கணுமேன்னு நெய் ரெண்டு கரண்டி கூடவே விட்டேன்."



"அந்த நெய்தாம்மா ரத்தத்துல மிதக்குது. எரிச்சல் வலியா மாறினா ஒரு நிமிஷம் நிக்காம கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நோன்பு திறக்கிறதுக்கு முன்னாடி மறுபடி எடுப்போம். அப்பதான் நிஜமான வெறும் வயிறு."

பொழுது சாயும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஏப்பம் விட்டால்கூடத் திடுக்கிட்டாள்.

மறுபடி வந்த ஜெர்சன் பேரீச்சம்பழத் தட்டுக்குப் பக்கத்தில் ஊசியை வைத்தார். "எங்க உபவாசத்துல ராத்திரியிலேருந்தே ஒண்ணும் தொட மாட்டோம். உங்களதும் அப்படித்தான்னு நினைச்சிட்டேன் அக்கா."

முடிவு முந்நூற்றுத் தொண்ணூறு. "ஆயிரம் இல்லை. ஆனா இதுவும் நல்லதில்லை. மாத்திரையை மாத்தணும்," என்றார் டாக்டர்.

மறுநாள் சஹரில் அத்தாவுல்லா தட்டை நீட்டினார். "நெய்?"

"கோதுமைக் கஞ்சிதான்."

ஏதோ கேலி பேச வாயெடுத்தவர், தூங்காமல் சிவந்திருந்த அவள் கண்களைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார்.