வெளியே சொல்லக்கூடிய காரணம்

வைசனின் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், முடியவே முடியாது என்றான் அவன் தம்பி லாஸ்டன். அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாரும் வார்டிலிருந்து நடந்து வெளியே போனதில்லை என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் அவனிடம் சொல்லியிருந்தார்கள். தலைவலியில் கட்டில் கம்பியைப் பிடித்து முனகும் கணவனின் நெற்றியை ஃபலேசி ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். முடிவு சொல்ல வேண்டியவன் தம்பி. அவள் துணைக்கு இருப்பவள். ஒரு காலையில் வைசன் அவளையே யாரென்று கேட்டான். லாஸ்டன் சோளமாவு வாங்கப் போயிருந்தபோது அவளே சம்மதித்துவிட்டாள்.

நீர் எடுத்தபின் வலி இறங்கியது. வைசன் கஞ்சிகூடக் குடித்தான். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று டாக்டர் லாஸ்டனையும் ஃபலேசியையும் அழைத்துச் சொன்னார். மண்ணிலும் புறா எச்சத்திலும் இருப்பதுதான், எல்லோரும் மூச்சில் இழுப்பதுதான், எதிர்ப்புச் சக்தி உள்ள உடம்பை ஒன்றும் செய்யாது. பிறகு ஃபலேசியை மட்டும் நிறுத்தி, கணவர் மாத்திரையை விட்டுவிட்டாரா என்று கேட்டார். விட்டுவிட்டான். மலாவி ஏரியில் மீன்பிடிக்க நாள்கணக்கில் படகிலேயே கிடப்பவன், மாத்திரை டப்பா குலுங்கினால் எச்.ஐ.வி. இருப்பது கூட்டாளிகளுக்குத் தெரிந்துவிடும் என்று எல்லாவற்றையும் தண்ணீரில் கொட்டியிருந்தான். அவள் மட்டும் தன் மாத்திரையை ஒளித்து ஒளித்து விழுங்கிவந்தாள்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வைசன் இறந்துபோனான். கொஞ்சம் முன்னாலேயே தொடங்கியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், லாஸ்டனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் லாஸ்டன் அண்ணனின் புறாக்கூண்டை உடைத்து, கைக்கு அகப்பட்ட புறாக்களின் கழுத்தைத் திருகிப் போட்டான். டாக்டரே சொன்னார், இவைதான் கொன்றன என்றான். உறவினர்கள் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். ஊசிக்குச் சம்மதித்தவள் இவள்தானே என்று ஒருத்தி சொன்னது ஃபலேசியின் காதில் விழுந்தது. பெண்கள் புறாக்களை உரித்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் குழம்பு வைத்தார்கள்.

உடைந்த கூண்டுக்குப் பின்னால் லாஸ்டன் தனியாக நின்றபோது அவள் போனாள்.

"புறா எல்லார் வீட்லயும்தான் இருக்கு, லாஸ்டன்."

அவன் நிமிரவில்லை. "தெரியும் அண்ணி. கேக்குறவங்ககிட்ட வேற என்னத்தச் சொல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்களும் அந்த மாத்திரைய இங்க யாரும் பாக்க முழுங்கிராதீங்க."

சாயங்காலம், இரை தேடிப் போயிருந்த புறாக்கள் திரும்பிவந்தன. கூண்டிருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டுக் கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தன. கீழே களியும் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், எச்சம் விழாமல் தட்டைக் கையால் மூடிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.