நறுக்கிய தாழைநார்

ஞானம்பிகைக்குக் கை சும்மா இராது. அந்தக் கைதான் அவளை இப்படிக் கொண்டுவந்து நிறுத்தியது.

போர்த்துக்கலின் அல்பெர்கேரியாவில் ஒரு கலைக்கூடத்தைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. வாசலில் டிக்கெட் கொடுப்பவள் மகள் கேசிகா. தாய்க்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். அந்த வாரம் ஆஸ்திரேலியாவின் வடகரையிலிருந்து பூர்வகுடிப் பெண்கள் செய்த கூடைகள் கண்காட்சிக்கு வந்திறங்கின. எல்லாம் தாழைநார். வேர் அவித்த சாயத்தில் மஞ்சளும் செம்மண் நிறமுமாகச் சுற்றிச் சுற்றித் தைத்திருந்தார்கள். பார்க்கப் பார்க்க ஞானம்பிகைக்கு மனம் நிறைந்துபோயிற்று.

ஒன்றில் மட்டும் கடைசிச் சுற்று பாதியில் நின்று, ஒரு பிடி நார் வெளியே தொங்கியது. ஞானம்பிகை பருத்தித்துறையில் பனையோலைச் சங்கத்தில் பெட்டி இழைத்தவள். அங்கே நுனி நீட்டிக்கொண்டிருந்தால் பெட்டியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். வந்த வழியில் அவிழ்ந்துவிட்டதாக்கும், நாளைக்குச் சனம் பார்த்தால் அந்தப் பெண்களுக்கல்லவா மானக்கேடு என்று நினைத்தாள். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கி, மிச்சத்தை உள்ளே சொருகித் தைத்து, விளிம்பைக் கச்சிதமாக மூடிவிட்டாள். நறுக்கிய நாரை எறிய மனம் வராமல் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அந்தக் கூடைகளைச் செய்தவர்களில் ஒருத்தியான மார்லீன் வந்து சேர்ந்தாள். அந்தக் கூடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கலைக்கூடத்தை நடத்தும் சிஞ்ஞோராவுக்கு அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கேசிகா தாயிடம் ஓடி வந்தாள்.

"அது அவவின்ரை தங்கச்சி தொடங்கினதாம் அம்மா. பாதியிலை தங்கச்சி செத்துப்போச்சுதாம். அவ விட்ட நாரைப் பிடிச்சு, இண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை மிச்சத்தை இவ தைக்க இருந்தவவாம். ஆரோ வெட்டி முடிச்சிட்டினம்."

ஞானம்பிகையின் கை ஏப்ரன் பைக்குள் போயிற்று. "ஆர் எண்டு நினைக்கிறா?"

"இவ்வளவு வடிவாய் முடிக்கத் தங்கடை வீட்டுக் கையாலைதான் ஏலுமாம். செத்த தங்கச்சியின்ரை மகள்தான் பொதி கட்டினவள். அவளுக்குப் போன் எடுக்கப் போறா."

ஞானம்பிகை பைக்குள்ளிருந்து நாரை எடுத்தாள். கேசிகாவுக்கு முகம் வெளுத்தது.

"பேசாமல் இருங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது. என்ரை வேலையும் போயிடும்."

"தாயில்லாத பிள்ளைக்கு என்ரை பிழையைச் சுமத்தவோ? வா, சொல்லு."

மார்லீனுக்கு முன்னால் நாரை வைத்தாள். கேசிகா தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். மார்லீன் போனைக் கீழே வைத்தாள். நாரை விரலால் நீவிப் பார்த்தாள். ஏசவில்லை. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"நல்லாய் முடிச்சிருக்கிறியளாம். இனி இதை அவிழ்த்தால் தங்கச்சி தைச்சதும் சேர்ந்து அவிழ்ந்திடுமாம். இப்பிடியே இருக்கட்டுமாம்."

மார்லீன் கேட்டுக்கொண்டதால் இருவருக்கும் வேலை போகவில்லை. போயிருந்தால் மனம் கொஞ்சமாவது ஆறியிருக்கும் என்று ஞானம்பிகைக்குத் தோன்றியது. மார்லீனின் தங்கச்சி செய்தது என்று எழுதி, கூடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அந்தக் கண்ணாடியை நாளும் அவள்தான் துடைக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் குனிந்து குனிந்து விளிம்பைக் காட்டி, எவ்வளவு அழகாக முடித்திருக்கிறாள் என்று அந்தச் செத்துப்போனவளை மெச்சுகிறார்கள்.