பட்டியலில் விட்டுப்போன வேலை

அன்று காலை அந்தப் பாய்மரப் படகில் இருந்தவர்கள் மூன்று பேர். கணக்கு டீச்சர் மேலே, சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில், மடியில் பட்டியலோடு. அவள் கணவர் கீழே, மெத்தையை எடுத்துவிட்ட வெறும் பலகையில், ஸ்பேனர்களைப் பரப்பிக்கொண்டு. அவருடைய தம்பி, வீட்டில் ஊசி என்று பெயர், படகின் வால்பக்கத்துப் பொந்துக்குள், சுக்கான் தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்பது மரியாதைக்கு, மடித்து வைத்திருந்தார்கள்.

டீச்சருக்குத் தோள்பட்டை பழுது. அரை மணிக்கு மேல் சக்கரத்தைப் பிடிக்க முடியாது. படகை வாங்கிக்கொள்வதாக ஒரு பல் டாக்டர் கடிதம் போட்டிருந்தார். மாலைத் தபாலில் பதில் போயாக வேண்டும். சுக்கானைத் தானே திருப்பும் ஆட்டோபைலட் மோட்டார் இன்று வேலை செய்தால் படகு அவளுக்கு, இல்லாவிட்டால் பல் டாக்டருக்கு.

"பன்னெண்டு: மோட்டார் கம்பியைச் சுக்கான் கையோட சேர்த்துப் பின் போடு," என்று வாசித்தாள்.

"போட்டாச்சு அண்ணி!"

"அவ்வளவுதான். வாடா வெளியே," என்றார் அண்ணன்.

"எப்படி வர்றது? வழியில மோட்டார் குந்தியிருக்கே!"

நுழைந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு மோட்டார் மாப்பிள்ளை மாதிரி வீற்றிருந்தது.

"மாட்டறதுக்கு முன்னாடி வரணும்னு தெரியாதாடா?"

"பட்டியல்ல இல்லையே! போன தடவை என் இஷ்டத்துக்குச் செஞ்சு தண்ணித் தொட்டியில ஓட்டை போட்டப்ப என்ன திட்டு திட்டுனீங்க!"

டீச்சர் பட்டியலைத் திருப்பிப் பார்த்தாள். உண்மைதான். "சரி தம்பி, இருந்தது இருந்துட்ட. ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்."

"நான் என்ன உதிரி பாகமா?"

பொத்தானை அழுத்தினாள். சக்கரம் தானாகச் சுழன்றது. அவள் கைதட்டப் போனாள். அதற்குள் உள்ளேயிருந்து அலறல்.

"நிறுத்துங்க! பலகை மூச்சு விடுது!"

மோட்டார் தள்ளத் தள்ள, அதைத் தாங்கிய தடுப்புப் பலகை பின்பக்கம் நெளிந்துகொண்டிருந்தது. முன்பக்கமிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடலில் நாலு அலைக்குள் பிய்ந்திருக்கும்.

டீச்சருக்கு முகம் சுண்டியது. பிறகு எழுந்து போய்ச் சாப்பாட்டு மேசையின் மடிப்புப் பலகையைக் கழற்றினாள்.

"எதுல வச்சு சாப்பிடறது?" என்றார் கணவர்.

"மடியில. அறுங்க."

மோட்டாரைக் கழற்றி, மேசைப் பலகையைப் பின்னால் முட்டுக் கொடுத்து, மோட்டார் உட்காரும் இரும்புத் தாங்கியை முதலில் இறுக்கினார்கள். ஊசி வெளியே வந்து முதுகை நிமிர்த்திய பிறகே மோட்டார் ஏறியது. மோட்டாரின் ஓரத்து இடுக்கு வழியாகக் கையை மட்டும் உள்ளே நீட்டிப் பின்னைப் போட்டான்.

மூன்று மணிக்குப் பாய் விரித்தார்கள். டீச்சர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். படகு கோடு போட்டதுபோல் நேராகப் போனது. ஒரு மணி நேரம் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காவலுக்கு மட்டும் கண்.

கரை சேர்ந்ததும் எழுதினாள்: 'மதிப்புக்குரிய டாக்டருக்கு, படகு விற்பதாக இல்லை. காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கவும். பல் வலித்தால் உங்களிடமே வருகிறேன்.'

உறையை ஒட்டி, ஓரங்களை இரண்டு தடவை அழுத்தினாள். ஊசி அதை வாங்கிக்கொண்டு துறையோரத் தபால் பெட்டிக்கு ஓடினான்.